நரிக்கல்பட்டி கேஸ் தொட்டி

ஜனவரி 4

எரிந்தது!

முதல் குச்சிக்குப் புஸ்ஸென்று அணைந்தது. அடுத்ததற்கும் அப்படியே. மூன்றாவதற்குப் பிடித்துக்கொண்டு நிதானமாக, நீலமாக எரிந்தது. நான் போட்ட கூச்சலில், களத்தில் கிழங்குச் சக்கை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று ஓடிவந்தார்கள். நாற்பது வயதில் ஓர் உதவிப் பேராசிரியை இப்படிக் குதிக்கலாமா என்றால், தாராளமாகக் குதிக்கலாம். கார்த்திகையில் இருந்து சாணியோடு சாணியாகக் கிடந்தவள் நான்.

நல்லுசாமி அண்ணனின் மனைவி அந்தச் சுடரிலேயே காபி போட்டுத் தந்தார். ஜவ்வரிசி ஆலையின் நாற்றத் தண்ணீரில் பிறந்த வாயுவில் போட்ட காபி. அண்ணன் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங் மேடம், வாடையே வரலீங்களே!" என்றார். ஆலை அவருடையது. தொட்டி நிற்பதும் அவர் களத்தில்தான்.

இது மூன்று பேர் கூட்டாகச் செய்கிற காரியம். பல்கலைக்கழகம் மூளையைக் கொடுக்கும், அதாவது என்னை. ஆலைகள் இடமும் கழிவுநீரும் கொடுக்கும். அரசு நிதியும் அனுமதியும் கொடுக்கும். 'மண்டலப் புத்தாக்க மையம்' என்று பெயர் வைத்து, தொட்டியைவிடப் பெரிதாக ஒரு பலகையை அதன் பக்கத்திலேயே நட்டிருக்கிறார்கள்.

பலகை எப்படியோ போகட்டும். போன வருஷம் கழிவுநீர் ஓடையில் இறங்கிக் கீழூர்க் கிணறுகள் கெட்டுப்போனதால் இந்த ஊரின் ஒன்பது ஜவ்வரிசி ஆலைகளுக்கும் சீல் வைத்தார்கள். சோதனைக்காக நல்லுசாமி அண்ணன் ஆலையை மட்டும் திறந்துவிட்டிருக்கிறார்கள். தொட்டி வேலை செய்கிறது என்று இந்த மாதம் அமைச்சருக்குக் காட்டிவிட்டால் மற்ற எட்டும் திறக்கும். காட்டாவிட்டால் இதையும் மூடுவார்கள். வயலில் மரவள்ளி முற்றி நிற்கிறது. பிடுங்கிய கிழங்கு இரண்டு நாள்தான் தாங்கும், பிறகு கறுத்துவிடும்.

அந்தக் காபியை ருசித்துக் குடித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 9

டீன் ஞானசேகர் சார் அழைத்தார். திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. தொட்டியை இதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். "வசுமதி, சூப்பர்ம்மா. பிரசன்டேஷன் மட்டும் இன்னும் கொஞ்சம் கிராண்டா இருக்கட்டும்" என்றார். சுடர் நீலமாக இருப்பது போதாது, ஸ்லைடும் நீலமாக வேண்டுமாம்.

'முக்கூட்டு' என்று ஒரு வாட்ஸாப் குழு தொடங்கியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் இருந்து நானும் அவரும். அரசுத் தரப்பில் தொழில் துறை அலுவலர் கமலக்கண்ணன், அமைச்சர்களின் வருகைகளை நடத்தியே தலை நரைத்தவர். ஆலைகள் தரப்பில் ஆலை சங்கத் தலைவர், அவர் இருப்பது சேலத்தில். நல்லுசாமி அண்ணனைக் காணோம். கேட்டதற்கு, "அவர்கிட்ட பட்டன் போன்தானேம்மா இருக்கு" என்றார் சார். அதுவும் சரிதான். அவருக்கு வேண்டியதை நானே போனில் சொல்லிக்கொள்ளலாம்.

மிக்ஸி ஜார் பிளேடு மாற்றக் கொடுத்திருக்கிறேன், வாங்க வேண்டும்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். நல்லுசாமி அண்ணன் வீட்டில் சாப்பாடு. போய்ப் பார்த்தால் கேஸ் தொட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டிருக்கிறார்!

"என்னண்ணா இது?"

"அதுவும் நம்ம பட்டி மாடுதானுங்களே மேடம். தீனி போடறோம், அசை போடுது, கேஸ் குடுக்குது."

சிரித்தேன். ஆனால் என் வகுப்பு மாணவர்களில் பாதிப் பேருக்கு இந்த அளவுக்குப் புரியாது. உள்ளே இருப்பது உயிர். கோடி கோடி நுண்ணுயிர்கள். அவை தின்றுதான் வாயு வருகிறது. அதனால் சோப்பு, ஃபீனால், பூச்சி மருந்து எதுவும் அங்கே படக்கூடாது என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவைத்தேன். "வெளக்குமாறு கழுவுன தண்ணியக்கூட அந்தப் பக்கம் உட மாட்டேனுங்க" என்றார். விடவும் இல்லை.

அவருடைய மகளும் வந்திருந்தாள். கீழூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். "இந்த வருசம் எங்க கெணத்துத் தண்ணி தெளிஞ்சு வருதுங்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜனவரி 21

அமைச்சர் 24ஆம் தேதி வருகிறார். முதுகு முறிகிறது.

காலையில் இருந்து பல்கலைக்கழகத்தில் ஃபிளெக்ஸ் பேனருக்காகச் சண்டை. யார் படம் முதலில், யார் படம் பெரிதாக என்று. துணைவேந்தர் படத்தைவிட டீன் சார் படம் அரை அங்குலம் பெரிதாகிவிட்டதாம். அதைச் சுருக்கினால் சாரின் காது வெட்டுப்படுகிறது. படித்தவர்கள் கூடி ஒரு காதைக் காப்பாற்ற மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம்.

நடுவில் கமலக்கண்ணன் போன். களத்தில் சேர்ப்புத் தொட்டிப் பக்கம் நிற்க முடியவில்லை, அமைச்சருக்கு ஆஸ்துமா, வாடை போக ஏதாவது போடலாமா என்று கேட்டார். "எதையாவது போடுங்க சார், என் தலையை வாங்காம இருந்தா சரி" என்று வைத்துவிட்டேன். ஆளாளுக்குப் போன் பண்ணினால் நான் என்ன செய்வது?

ராத்திரி குழுவைத் திறந்தால் படங்களாகக் கொட்டிக் கிடந்தன. பந்தல், வெள்ளையடித்த சுவர், கூட்டிய ரோடு, களம், கல் திட்டு. எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போட்டுவிட்டுப் படுத்தேன்.

இரண்டாவது சிலிண்டரும் வந்துவிட்டது. இனி சித்திரை வரை கவலை இல்லை.

ஜனவரி 22

இன்று நிதானமாக எழுத முடியாது. எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் போனேன். ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. அமைச்சர் வந்தால் பிளீச்சிங் பவுடர் போடாமல் விடமாட்டார்களே, போட்டிருந்தார்கள். களத்தில் கொஞ்சமும் வாடை இல்லை. ஒரு நிமிஷம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் மூக்கு எரிந்தது.

ஆலைத் தண்ணீர் முதலில் சேர்ப்புத் தொட்டிக்கு வரும். தினமும் காலை எட்டு மணிக்குப் பம்ப் தானாக ஓடி அதைக் கேஸ் தொட்டிக்குள் தள்ளும். அந்தச் சேர்ப்புத் தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் காலி மூட்டைகள். எத்தனை மூட்டை என்று எண்ணக்கூட மனம் வரவில்லை. நான் போனபோது பம்ப் ஓடி முடிந்து நின்றிருந்தது.

பிளீச்சிங் பவுடர் எதற்குப் போடுவார்கள்? கிருமியைக் கொல்ல. கொன்றுவிட்டது.

நல்லுசாமி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நேற்று மத்தியானம் ஆலை முதலாளிகள் எல்லாரையும் விழாவுக்கு பாஸ் எடுக்க வரச்சொல்லி ஆபீசில் சாயந்திரம் வரை உட்காரவைத்துவிட்டார்களாம். களத்தில் கேட்பாரில்லை. "நான் இருந்திருந்தா அந்த மூட்டைய உள்ள உட்டிருப்பேனா மேடம்? ராத்திரி வந்து பாத்தேன், ரோட்டுக்குப் போட்ட வாடைன்னு நெனச்சுட்டனே. இருட்டுல சேர்ப்புத் தொட்டிய எட்டிப் பாக்கல. என் புத்தியச் செருப்பால அடிக்கோணும்."

கமலக்கண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"மேடம், நீங்கதான போடச் சொன்னீங்க? குரூப்ல படமும் போட்டேனே. நீங்க தம்ஸ் அப் குடுத்திருந்தீங்க."

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆயிரம் போன் வருகிறது. இதையெல்லாம் யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்?

ஜனவரி 23

பலூன் தொய்ந்துவிட்டது. தொட்டிக்கு மேலே வாயு சேரும் ரப்பர் பலூன், அமைச்சரின் வயிறு மாதிரி இருக்கிறது என்று பெண்கள் கேலி செய்வார்களே, அது இன்று கிழிசல் கோணிபோலக் கிடக்கிறது. ஆய்வகத்தில் இருந்து குளோரினை முறிக்கும் உப்பு கொண்டுபோய்க் கொட்டினேன். புதுச் சாணி கரைத்து ஊற்றினேன். நல்லுசாமி அண்ணன் முழங்கை வரை இறங்கிக் கலக்கினார். எதுவும் நடக்கவில்லை. பிழைத்தாலும் மறுபடி எரிய இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை அதற்குள் கழிவுநீர் விடவே கூடாது.

டீன் சாரிடம் அழாத குறையாகச் சொன்னேன். தேதியைத் தள்ளிவையுங்கள் என்றேன்.

"அமைச்சர் தேதியை நாம தள்ளிவைக்கிறதா? நடக்கிற காரியத்தைப் பேசுங்க. நாளைக்கு எரியலைன்னா அந்த ஒன்பது ஆலையும் அவ்வளவுதான். உங்க நல்லுசாமியும்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பலூன் உப்பலா இருக்கணும். பஞ்சர் கடை கம்ப்ரஸரே போதும். மத்ததை நீங்க பாத்துக்குங்க. நீங்க கெட்டிக்காரி" என்றார்.

சாயந்திரம் ஸ்கூட்டரில் தனியாக நரிக்கல்பட்டி போனேன். காலடியில் பாரம் இருந்ததால் மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. பலகைக்குப் பின்னால் கொஞ்சம் வேலை இருந்தது. முடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 24

எரிந்தது.

அமைச்சரே குச்சி கிழித்து வைத்தார். முதல் குச்சிக்கே பிடித்துக்கொண்டது. கைதட்டல், நாதஸ்வரம், போட்டோ. இந்த மாதிரியை இன்னும் பல மாவட்டங்களுக்குக் கொண்டுபோவோம், எட்டு ஆலைகளுக்கும் இன்றே அனுமதி என்று மைக்கில் சொன்னார். ஆலைக்காரர்கள் சிலர் அழுதேவிட்டார்கள்.

சுடர் கொஞ்சம் உயரமாகவும் நுனியில் மஞ்சளாகவும் இருந்தது. டீன் சாரும் இதே துறையில் டாக்டர் பட்டம் வாங்கியவர்தான். என் காதருகே வந்து, "நல்லா எரியுது. யாரையும் ரொம்பக் கிட்ட விடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

நல்லுசாமி அண்ணன் கைதட்டவில்லை. இரண்டு கையிலும் மாலை வைத்திருந்தார், அதனால்தான்.

ஜனவரி 26

சமைத்துக்கொண்டிருக்கும்போதே கேஸ் தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் மாற்றப் போய்விட்டுத் திரும்பிவந்தார்.

"வசு, புது சிலிண்டர் எங்க?"

"பக்கத்து வீட்டுல கேட்டாங்க, குடுத்திருக்கேன்."

"எந்தப் பக்கத்து வீடு? நமக்கு ரெண்டு பக்கமும் காலி மனைதான?"

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பரணில் இருந்து கரண்ட் அடுப்பை இறக்கினோம். அதில் தோசை முறுகவே மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 2

ஒன்பது ஆலைகளும் ஓடுகின்றன. நரிக்கல்பட்டி முழுக்கக் கிழங்கு லாரிகள். டீக்கடையில் நிற்க இடமில்லை. வேலையில்லாமல் திருப்பூர் போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்களாம். எல்லார் முகத்திலும் சிரிப்பு. என்னைப் பார்த்தால் எழுந்து கும்பிடுகிறார்கள். எனக்கு ஓடி ஒளிய வேண்டும்போல் இருக்கிறது.

ஒன்பது ஆலைத் தண்ணீரும் இந்த ஒரு தொட்டிக்கு வருகிறது. ஒரு பக்கம் போகிறது, மறு பக்கம் அப்படியே வெளியே வருகிறது. வந்து ஓடைக்குப் போகிறது.

கமலக்கண்ணனிடம் ஆறு வாரம், குறைந்தது ஆறு வாரம் நிறுத்திவைக்கலாம் என்று கெஞ்சினேன். "அமைச்சர் வாயால அறிவிச்சது மேடம். என்ன காரணம் எழுதி நிறுத்துறது? சொல்லுங்க, எழுதிடறேன்" என்றார். காரணத்தைச் சொன்னால் எல்லாம் வெளியே வரும். அவருக்கும் அது தெரியும்.

பிப்ரவரி 6

வாராந்திர அளவுகள் கேட்டார்கள். அனுப்பினேன். நல்ல அளவுகள். குழுவில் எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள்.

பிப்ரவரி 12

வேறு மாவட்டத்தில் இருந்து ஒரு கல்லூரிக் குழு 'மாதிரி'யைப் பார்க்க வந்தது. எரிந்தது.

தலைவலி. சாப்பிடவில்லை.

பிப்ரவரி 17

நல்லுசாமி அண்ணன் காலையிலேயே போன் செய்தார். "மேடம், தொட்டி எப்ப உசுரு பிடிக்கும்? எம் பொண்ணு பேசுனா. கெணத்துத் தண்ணி மறுக்காப் புளிப்பு நாத்தம் அடிக்குதாமா. எருமை மூஞ்சியத் திருப்பிக்குதாமா."

"கொஞ்ச கொஞ்சமா சரியாகிட்டு வருதுண்ணா" என்றேன்.

சரியாகவில்லை. ஆகாது. ஆகும் என்று எந்த வாயால் சொன்னேனோ தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் கையிலேயே இருக்கிறது. ஆலைகளை நிறுத்தினால் இந்த ஊர் நாசம். நிறுத்தாவிட்டால் கீழூர் நாசம். நடுவில் நான் ஸ்லைடு போட்டுக்கொண்டிருக்கிறேன். சாமி சத்தியமாக எனக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20

இன்று களத்துக்குப் போனபோது நல்லுசாமி அண்ணன் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சாக்கு வெலகிக் கெடந்துதுங்க மேடம். ஆராச்சும் பாத்துருவாங்கன்னு இழுத்து மூடிட்டேன்."

"அண்ணா..."

"அமைச்சர் வந்தன்னிக்கே தெரியும். மொத நாள் சுடருல எங்கூட்டுப் பொம்பள காபி போட்டவ. நம்ம கேஸ் இப்படி எரியாதுன்னு சொல்லிட்டா."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். அவர் என்ன சொன்னார் என்றால், "உங்களக் குத்தஞ் சொல்ல மாட்டேன். எங்களுக்காகத்தான் செஞ்சீங்க. தப்பு என்னுது. அன்னிக்குப் பாஸுன்னு கூப்புட்டதும் நாய்க்குட்டி மாதிரி போயி உக்காந்தேன் பாருங்க. அதுக்குத்தான் இத்தனையும். எம் பொண்ணு மூஞ்சியில முழிக்க முடியலீங்க" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தப்பு அவருடையது இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? நான் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 21

தூக்கமில்லை. ஜனவரி 21ஐத் திருப்பிப் படித்தேன். நானே எழுதியிருக்கிறேன். பிறகு போனில் அந்தப் படங்களையும் பார்த்தேன். கல் திட்டு என்று எழுதியிருக்கிறேனே, அது கல் திட்டு இல்லை. பெரிதாக்கினால் சேர்ப்புத் தொட்டி. வெள்ளை வெளேரென்று. கீழே என் கட்டைவிரல்.

பிப்ரவரி 27

கடைசி வரை எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதத் தெம்பு இருக்காது.

தர்மபுரிப் பக்கத்தில் இருந்து ஒரு பஸ் நிறைய ஆலைக்காரர்கள் வந்தார்கள். அங்கேயும் கூட்டுத் திட்டம் தொடங்கப்போகிறார்கள், ஆளுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். டீன் சார் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நல்லுசாமி அண்ணனைத் 'தொழில் கூட்டாளி' என்று அறிமுகம் செய்து சால்வை போட்டார். அண்ணன் சால்வையோடு ஓரமாக நின்றார். சுடர் எரிந்துகொண்டிருந்தது.

எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, ஓர் அம்மா மட்டும் என்னிடம் வந்தார். ராசாமணி என்று பெயராம். வீட்டுக்காரர் இறந்தபிறகு ஆலையைத் தனியாக நடத்துகிறார். கையில் ஒரு மஞ்சள் பை.

"ஏம்மா, அவங்க எல்லாம் இங்கிலீசு கலந்து என்னென்னமோ சொல்றாங்க. நீதான் இதச் செஞ்சியாமே. எனக்கு இருக்கறது ஆலையும் அதையொட்டி ஒரு துண்டு எடமுந்தான். இத நம்பிக் குடுக்கலாமா? நீ சொன்னாக் குடுத்துடறேன்."

என் வாயில் பதில் தயாராக இருந்தது. ஸ்லைடிலேயே இருக்கிறது. நான் ஏனோ நல்லுசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுடரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பலகைக்குப் பின்னால் போனேன். சாக்கை இழுத்தேன். ரெகுலேட்டரைத் திருகினேன். சுடர் அணைந்தது. அப்புறம் சிலிண்டரை உருட்டிக்கொண்டுவந்து எல்லாருக்கும் நடுவில் நிறுத்தினேன். பின்னால் ஆலை ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"குடுக்காதீங்கம்மா. இந்தத் தொட்டி செத்து ஒரு மாசம் ஆச்சு. இது எங்க வீட்டு சிலிண்டர். அமைச்சர் வர்றாருன்னு தொட்டில பிளீச்சிங் பவுடர் போட்டாங்க. எதையாவது போடுங்கன்னு சொன்னது நான். படத்தைப் பாக்காம சரின்னு சொன்னதும் நான். இந்தத் தண்ணி இப்ப நேரா கீழூருக்குத்தான் போகுது. ஆலையை நிறுத்தணும்."

"வசுமதி!" என்றார் டீன் சார். கமலக்கண்ணன் போனை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே ஓடினார்.

நல்லுசாமி அண்ணன் இப்போதுதான் என்னைப் பார்த்தார். 'போடுங்கன்னு சொன்னது நான்' என்பது அவருக்குப் புதுச் செய்தி. சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு ஆலைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் நின்றது. ஒன்பதில் முதலில் நின்றது அவருடையதுதான்.

மார்ச் 1

ஒன்பது ஆலைக்கும் சீல்.

மார்ச் 3

போகக்கூடாது என்று நினைத்தும் போனேன். ஆலை வாசல்களில் கிழங்கு லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பாதி கறுத்துவிட்டது. ஓட்டுநர்கள் கிழங்கை ரோட்டோரத்திலேயே தள்ளிவிட்டுப் போகிறார்கள். போன மாதம் எழுந்து கும்பிட்ட டீக்கடைக்காரர் என் பக்கமாகத் தண்ணீரை வீசி ஊற்றினார். காலில் தெறித்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

'முக்கூட்டு' குழுவில் இருந்து என்னை நீக்கிவிட்டார்கள். பணியில் இருந்தும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். விசாரணைக் குழு போடுவார்களாம். மூன்று பேர். பல்கலைக்கழகம், தொழில், அரசு என்று தலைக்கு ஒருவர்.

மார்ச் 7

மத்தியானம் வாசலில் மொபெட் சத்தம். நல்லுசாமி அண்ணன். முன்னால் என் சிலிண்டர். துடைத்துப் பளிச்சென்று இருந்தது. நான் தூக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தானே கொண்டுவந்து படியில் வைத்தார்.

"உள்ள வாங்கண்ணா. ஒரு வாய் காபி."

"இல்லீங்க."

"பாப்பா வீட்டுல..."

"தண்ணி லாரி உடறாங்க. குடிக்க அது ஆவுது. மாட்டுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவர் அது முடியும்வரை மொபெட்டின் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், எங்கிட்ட நீங்க எத்தன தடவ சொல்லியிருப்பீங்க, மருந்து கிருந்து படக்கூடாதுன்னு. நான் ஒரு சொட்டு உட்டிருப்பனா?"

"இல்லண்ணா."

"பம்பு காலைலதான் ஓடும். அன்னிக்கு ராத்திரி பூரா அந்தப் பவுடரு சேர்ப்புத் தொட்டிலயேதான் கெடந்திருக்குது. தண்ணிய மோந்து வெளிய ஊத்தியிருக்கலாம். உங்களுக்குப் படம் வந்துச்சு. எனக்கு வரல. ஒரு போன் போட்டிருந்தா நான் போயி பம்ப நிறுத்தியிருப்பனே மேடம்."

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குத் தெரியாத ஏதோ காரணம் இருக்கும், சொல்வேன் என்று எதிர்பார்ப்பவர்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் காரணம் எதுவும் இல்லை. பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாயந்திரம் மாதேஸ்வரன் வந்து சிலிண்டரை உள்ளே எடுத்துப்போய் மாட்டினார். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

"வசு, நல்லா எரியுது, வந்து பாரு" என்றார்.

நான் போகவில்லை.